அக்கா மகன் பார்க்கிற நாய்க்கு மெலாக்சிகாம் பாசிட்டிவ்: கொடுக்காத மருந்து எப்படி வந்தது?

தாழக்குடியான் | திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். வழக்கமாகத் தென்னையில் வரும் வெள்ளை ஈயைப் பற்றித்தான் இங்கே புலம்புவேன். இன்று வேறு சங்கதி.

என் அக்கா மகன் ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் இருக்கிறான். படிக்கப் போனவன். வாரத்தில் நான்கு நாள் கிரேஹவுண்ட் என்ற பந்தய நாய்களைப் பழக்கும் ஒரு பயிற்சியாளரிடம் நாய்க் கொட்டிலில் வேலை. தீனி கலப்பது, கூண்டு கழுவுவது, நாய்களை நடத்திக்கொண்டு போவது எல்லாம் இவன்தான். போன மாதம் ஒரு பந்தயம் முடிந்ததும் இவர்களுடைய நாயின் மூத்திரத்தைச் சோதனைக்கு எடுத்திருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது: மெலாக்சிகாம் இருக்கிறதாம்.

பயிற்சியாளர் கொடுக்கவில்லை என்கிறார், சிகிச்சைப் பதிவேட்டிலும் அந்த மருந்து இல்லை. பையனும் கொடுக்கவில்லை. ஆனால் தீனி போனது இவன் கை வழியாக, அதனால் பயந்துபோய் இருக்கிறான். அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சோறு தின்னவில்லை. பையனை ஜெயிலில் போட்டுவிடுவார்களா என்று கேட்கிறாள்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். கொடுக்காத மருந்து நாயின் மூத்திரத்தில் வருமா? ஆய்வகம் தப்பு பண்ணியிருக்குமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கன்னிநாய்58 | திங்கள், இரவு 9.32

அண்ணாச்சி, மெலாக்சிகாம் வலி மருந்துதானே? மாட்டுக்கும் போடுகிறார்கள், நாய்க்கும் டாக்டரே எழுதிக் கொடுக்கிறார். அதைப் போட்டால் நாய் வேகமாக ஓடுமா என்ன? ஆரல்வாய்மொழிக் காற்றில் என் கன்னி நாய் ஓடுகிற ஓட்டத்துக்கு எந்த மருந்தும் வேண்டாம். இதைப் போய் ஏன் பிடிக்கிறார்கள் என்றே விளங்கவில்லை.

கால்நடைக்காரர் | திங்கள், இரவு 10.15

கன்னிநாய் தம்பி, நல்ல கேள்வி. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது, மறந்ததை விட்டுவிட்டு நினைவில் இருப்பதைச் சொல்கிறேன்.

அடிபட்ட இடத்தில் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கும். வீக்கம், சூடு, வலி மூன்றிலும் அதற்குப் பங்கு உண்டு. அதைச் செய்யும் நொதியை ஆஸ்பிரின் வகை மருந்துகள் தடுக்கின்றன என்று ஜான் வேன் 1971இல் காட்டினார், 1982இல் அதற்காக நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென், ஃபினைல்பியூட்டசோன், ஃப்ளூனிக்ஸின், கீட்டோப்ரோஃபென் எல்லாம் அதே குடும்பம். டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் வேறு வழியில் வீக்கத்தைக் குறைப்பவை. பந்தயத்தில் இரண்டுமே கூடாது.

நல்ல காலோடு இருக்கும் நாயை இந்த மருந்து ஒரு நொடிகூட வேகமாக்காது. வலியுள்ள நாயைத்தான் அது ஓட வைக்கும். இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அந்த ஊர் ஓட்டப்பாதை பெரும்பாலும் வட்டமானது, அதில் எப்போதும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் ஓடுவார்கள். வளைவில் திரும்பும்போது பாரம் முழுக்க வலது பின்னங்கால் கணுவில் விழும். அந்தக் கணுவின் நடுவில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. கிரேஹவுண்டுக்கு அதிகம் உடையும் எலும்புகளில் அதுவும் ஒன்று, அதுவும் பெரும்பாலும் வலது காலில். அது திடீரென்று உடைவதில்லை. பல வாரம் ஓடி ஓடி உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் சேர்ந்துகொண்டே வரும். அந்த நாட்களில் நாய் லேசாக நொண்டும், காலைத் தொட்டால் இழுத்துக்கொள்ளும். நாய் வாய் திறந்து சொல்லக்கூடியது அவ்வளவுதான். வலி மருந்து கொடுத்தால் அந்தப் பேச்சும் நின்றுவிடும். அடுத்த பந்தயத்தில் வளைவில் எலும்பு நொறுங்கும்.

சிகிச்சைக்கு இந்த மருந்துகள் அருமையானவை, ஆயிரம் நாய்க்கு எழுதியிருப்பேன். கொடுத்தால் ஓய்வும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

திங்கள்சந்தை_கபடி | திங்கள், இரவு 10.41

டாக்டர் ஐயா, எங்கள் கபடிப் பையன்கள் முழங்காலில் ஊசி போட்டுவிட்டு இறங்குகிறார்களே, அதை யார் கேட்கிறார்கள்? மனுசனுக்கும் இது ஊக்கமருந்துதானா?

கால்நடைக்காரர் | திங்கள், இரவு 10.58

இல்லை தம்பி. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ கிடையாது. ஸ்டீராய்டு ஊசிக்கு மட்டும் போட்டிக் காலத்தில் தடை உண்டு. மனுசன் தன் வலியைத் தானே அறிந்து, தானே முடிவெடுத்து மாத்திரை போடுகிறான், அது அவன் பாடு. நாயிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? உங்கள் பையன்களுக்கு ஊசி போடுவது டாக்டரா, வேறு யாராவதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளச்சல்கடலோரம் | செவ்வாய், காலை 6.20

மன்னிக்கவும், கசப்பாகத்தான் சொல்வேன். சூதாட்டத்துக்காக நாயை ஓடவிட்டு, காலை உடைத்து, அப்புறம் மூத்திரத்தைச் சோதிப்பது எந்த ஊர் நியாயம்? பந்தயத்தையே நிறுத்திவிட்டால் சோதனையே வேண்டாமே. அமெரிக்காவில் ஃபுளோரிடா மக்கள் 2018இல் வாக்களித்து நிறுத்தினார்கள், 2020 முடிவோடு அங்கே கடைசி ஓட்டமும் முடிந்தது. நியூசிலாந்து அரசும் நிறுத்தப் போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. அக்கா மகனை வேறு வேலை பார்க்கச் சொல்லுங்கள் அண்ணே.

கன்னிநாய்58 | செவ்வாய், காலை 6.48

காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா? மீன்பிடித் தடைக்காலத்தில் போய் யாராவது உங்களிடம் வேறு வேலை பார் என்றால் எப்படி இருக்கும்?

நெறியாளர் | செவ்வாய், காலை 7.05

இரண்டு பேரும் நிறுத்துங்கள். பந்தயம் வேண்டுமா வேண்டாமா என்பதற்குத் தனி இழை தொடங்கலாம். நம் ஊரில் பந்தயம் நடத்தும் எண்ணத்தோடு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வரி: 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி பதிவு செய்யாமல் விலங்கைக் காட்சிக்கு விடவோ பழக்கவோ கூடாது. முயல் பிடிக்க நாய் விடுவது வனவிலங்குச் சட்டத்தில் குற்றம். தாழக்குடி அண்ணாச்சியின் கேள்விக்குத் திரும்புவோம்.

மார்த்தாண்டம்தேன் | செவ்வாய், மாலை 7.30

வேலை முடிந்து இப்போதுதான் பார்த்தேன். நான் கொச்சியில் ஏற்றுமதி உணவுகளைச் சோதிக்கும் ஒரு ஆய்வகத்தில் இருக்கிறேன். இறாலிலும் எங்கள் ஊர்த் தேனிலும் ஆன்டிபயாட்டிக் எச்சம் தேடுவதுதான் என் பிழைப்பு. நாய் மூத்திரம் தொட்டதில்லை. ஆனால் இயந்திரம் அதேதான், முறையும் ஏறக்குறைய அதேதான்.

முதலில் மாதிரி எடுப்பது. நீளக் கைப்பிடி வைத்த அகப்பை மாதிரி ஒன்றோடு அதிகாரி நாயின் பின்னாலேயே நடப்பார். நாய் காலைத் தூக்கியதும் நீட்டிப் பிடிப்பார். சிரிக்காதீர்கள், மொத்த விசாரணையும் அந்த அகப்பையில்தான் தொடங்குகிறது. பிடித்ததை ஏ, பி என்று புட்டிகளில் பிரித்து எண் போட்ட முத்திரை வைப்பார்கள். நாயின் தரப்பில் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டது யார் என்று தம்பியிடம் கேளுங்கள்.

ஆய்வகத்துக்கு எண் மட்டும்தான் தெரியும், நாய் யாருடையது என்று தெரியாது. அங்கே நடப்பதைச் சுருக்காமல் சொல்கிறேன், "தப்பு பண்ணியிருக்குமா" என்ற கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

உடம்பு பல மருந்துகளை அப்படியே வெளியே விடாது. கல்லீரல் ஒரு சர்க்கரை மூலக்கூறை வால் மாதிரி ஒட்டி அனுப்பும். நொதி போட்டு அந்த வாலை வெட்டுவோம். அப்புறம் ஒரு சின்னக் குழலில் அடைத்த தூள் வழியாக மூத்திரத்தை வடிப்போம். உப்பும் யூரியாவும் ஓடிவிடும், மருந்து தூளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வேறொரு கரைப்பானை ஊற்றி அதைக் கழுவி எடுப்போம். எடுத்ததை மெல்லிய குழாய்க்குள் அழுத்தத்தோடு செலுத்தினால் ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஒரு நேரத்தில் வெளியே வரும். வாசலில் மூலக்கூறின் எடையை அளக்கும் நிறைநிறமாலைமானி காத்திருக்கும்.

மெலாக்சிகாம் அதற்குள் 352 என்ற எடையில் தெரியும். அதைப் பிடித்து உடைத்தால் 115, 141 என்று துண்டுகள் விழும். 352 எடையில் உலகத்தில் எத்தனையோ பொருள் இருக்கலாம். அதே நிமிடத்தில் வெளியே வந்து, அதே துண்டுகளாக, அதே விகிதத்தில் உடைவது மெலாக்சிகாம் மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். அதே நாளில் சுத்தமான மெலாக்சிகாமையும், மருந்தில்லாத மூத்திரத்தையும் பக்கத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவோம். போகிறபோக்கில் ஒன்று: டைக்ளோஃபெனாக்கில் இரண்டு குளோரின் அணு இருப்பதால் அது ஒரே கோடாக வராமல் 9:6:1 என்ற உயரத்தில் மூன்று கோடாக நிற்கும். முதல் தடவை பார்த்தபோது கோயில் கோபுரம் மாதிரி இருந்தது. இன்றும் எனக்கு அந்தப் படம் பிடிக்கும்.

ஆகவே ஆய்வகம் வேறு பொருளை மெலாக்சிகாம் என்று சொல்லியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வேண்டுமானால் பி புட்டியை வேறு ஆய்வகத்தில் திறக்கக் கேட்கலாம். என் ஊகம், அதிலும் அதேதான் வரும். மருந்து நாய்க்குள் இருந்தது. எப்படிப் போனது, எவ்வளவு போனது என்பதைத்தான் இனி தேட வேண்டும்.

தாழக்குடியான் | செவ்வாய், இரவு 8.50

தங்கச்சி, நன்றி. கையெழுத்துப் போட்டது பயிற்சியாளரின் மனைவியாம். பையனிடம் தீனி பற்றிக் கேட்டேன். உறைய வைத்த மாட்டிறைச்சிப் பாளம், மனுசர் தின்பதற்கில்லாத வகை, நாய்த் தீனிக்கென்றே விற்கிறார்களாம். அதை உருக வைத்து, உலர்தீனியோடு கையால் பிசைந்து, நாய்க்கு முக்கால் கிலோ கணக்கில் வைப்பான்.

கால்நடைக்காரர் | செவ்வாய், இரவு 9.20

அதைச் சொல்லுங்கள் முதலில்! மனுசர் தின்பதற்கில்லாத மாடு என்றால் என்ன மாடு? படுத்தது, காய்ச்சல் கண்டது, கன்று போட முடியாமல் கிடந்தது. சாகும் முன்னால் அதற்கு வைத்தியம் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? பெனிசிலினோடு சேர்த்துப் போடும் புரோக்கெய்ன் என்ற மரப்பு மருந்து அப்படித் தீனி வழியாகப் பந்தய நாய்களில் வந்து மாட்டிக்கொள்வது அந்த ஊர்களில் பழைய கதை. வலி மருந்துகளும் அதே பாதையில்தான் வரும். ஊசி போட்ட இடத்துச் சதை வந்து விழுந்தால் அளவு பல மடங்கு. உறைய வைத்தால் மருந்து போகாது.

மாட்டுக்குப் போட்ட ஊசி மாட்டோடு நிற்காது என்று நம் நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தது பிணந்தின்னிக் கழுகு. டைக்ளோஃபெனாக் போட்டுச் செத்த மாட்டைத் தின்று, சிறுநீரகம் கெட்டு லட்சக்கணக்கில் செத்தன. 2004இல் காரணம் தெரிந்தது, 2006இல் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் தடை வந்தது. மனுசருக்கான பெரிய குப்பியை மாட்டுக்குப் போடுகிறார்கள் என்று 2015இல் குப்பியையே 3 மில்லிக்குச் சுருக்கினார்கள். பதிலுக்கு எதைப் போடலாம் என்று தேடியபோது கழுகைக் கொல்லாதது என்று கிடைத்த மருந்துதான் இந்த மெலாக்சிகாம். நானே எத்தனையோ மாட்டுக்கு நிம்மதியாகப் போட்டிருக்கிறேன்.

மார்த்தாண்டம்தேன் | செவ்வாய், இரவு 10.05

டாக்டர் சொன்னதை எண்ணாகப் பார்க்கலாம்.

30 கிலோ நாய்க்கு மெலாக்சிகாம் தினசரி அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 3 மில்லிகிராம். மைக்ரோகிராமில் 3000. நாயின் உடம்பில் இந்த மருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும். பத்து நாளில் பத்து தடவை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்கு, சுமார் 3 மைக்ரோகிராம் மிஞ்சும். அதில் கால் பங்குதான் மூத்திரத்தில் வரும், மீதி மலத்தில். அந்தக் கொஞ்சத்தின் நிழலையும் இன்றைய இயந்திரங்கள் பார்த்துவிடும்.

இப்போது இறைச்சி. ஐரோப்பாவில் மனுசர் தின்னும் மாட்டுச் சதையில் மெலாக்சிகாம் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வரை அனுமதி, ஈரலில் 65. அந்த 20 இருக்கும் நல்ல இறைச்சியையே நாய் முக்கால் கிலோ தின்றால் 15 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. பத்து நாளுக்கு முன் சிகிச்சை எடுத்த நாயிடம் மிஞ்சியிருப்பதைப் போல ஐந்து மடங்கு! மனுசருக்கு ஆகாத இறைச்சியில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

இரணியல்_கணக்கு | செவ்வாய், இரவு 10.40

டீச்சரம்மா கணக்கில் ஒரு ஓட்டை. நாய் ஒரு நாள் மட்டுமா தின்கிறது? தினமும் 15 போகிறது, நேற்றையதில் பாதி, முந்தாநாளையதில் கால் என்று மிச்சம் சேரும். 15, 7.5, 3.75 என்று கூட்டிக்கொண்டே போனால் 30இல் போய் நிற்கும். 30 என்பது 3000இல் நூறில் ஒன்று. நூறில் ஒன்றாகக் குறைய ஆறரைத் தடவை பாதியாக வேண்டும். ஆகவே தினமும் இந்த இறைச்சி தின்னும் நாயும், ஆறரை நாளுக்கு முன் மாத்திரை தின்ற நாயும் மூத்திரத்தில் ஒரே மாதிரி தெரியும். சரிதானே?

மார்த்தாண்டம்தேன் | செவ்வாய், இரவு 10.52

சரிதான் சார், மாட்டிக்கொண்டேன். (நான் டீச்சர் இல்லை.) நீங்கள் சொன்ன கடைசி வரிதான் இந்த வழக்கின் முடிச்சே. எச்சம் இருக்கிறது என்பதை இயந்திரம் சொல்லும். ஏன் இருக்கிறது என்பதை அந்த ஒரு எண்ணிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

குதிரைப் பந்தயக்காரர்கள் இதை ரொம்ப நாளாக யோசித்திருக்கிறார்கள். பியர் லூயி தூத்தேன், லாசூர் என்ற இருவர் 2002இல் ஒரு வழி சொன்னார்கள்: மருந்து வேலை செய்யத் தேவையான ரத்த அளவை 500ஆல் வகு, அதற்குக் கீழே இருந்தால் உடம்பில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. அதிலிருந்து மூத்திரத்துக்கான அளவையும் கணக்கிடலாம். அதற்குக் கீழே கண்டால் சிகிச்சை மருந்தை அறிக்கையில் எழுதாமல் விடலாம். எனக்கு இது நியாயமாகத் தெரிகிறது. இயந்திரம் கூர்மையாகிறது என்பதற்காகக் குற்றம் பெரிதாகக் கூடாது அல்லவா? ஆனால் அந்தந்த ஊர் விதி என்ன எல்லை வைத்திருக்கிறதோ அதுதான் செல்லும். கடிதத்தில் ஒரு மில்லிக்கு எத்தனை நானோகிராம் என்று எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கன்னிநாய்58 | புதன், காலை 6.15

அப்படியென்றால் இறைச்சியால் வந்தது என்று சொல்லித் தப்பிக்கலாமே?

கால்நடைக்காரர் | புதன், காலை 8.00

சொல்லலாம். தண்டனை குறையலாம். தப்பிப்பது கடினம். நாய்க்குள் என்ன போனாலும் பயிற்சியாளர் பொறுப்பு என்பதுதான் பந்தய உலகத்தின் பொது விதி. யார் கொடுத்தது, எந்த எண்ணத்தில் கொடுத்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை. அதனால் தாழக்குடி அண்ணாச்சி, கடிதம் வந்தது பயிற்சியாளர் பெயருக்குத்தான் இருக்கும். அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

குதிரையில் இரண்டு பெரிய வழக்கு உண்டு. 1968இல் அமெரிக்காவின் கெண்டக்கி டெர்பி பந்தயத்தில் முதலாவது வந்த டான்சர்ஸ் இமேஜ் ஃபினைல்பியூட்டசோனால் பட்டம் இழந்தது. 2021இல் அதே பந்தயத்தில் முதலில் வந்த மெடினா ஸ்பிரிட்டிடம் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஒரு மில்லி ரத்தத்தில் 21 பிக்கோகிராம். ஊசி இல்லை, தோல் புண்ணுக்குப் போட்ட களிம்பு என்றார்கள். களிம்பில் இருப்பது வேலரேட் வடிவம், ஊசியில் இருப்பது அசிடேட். தேடிப் பார்த்ததில் வேலரேட்தான் இருந்தது, ஆகவே சொன்னது உண்மை. அப்படியும் 2022இல் பட்டம் போனது. எந்த வழியாக வந்தாலும் இருக்கக் கூடாதது இருந்தது என்று முடித்துவிட்டார்கள்.

வடசேரிமெடிக்கல் | புதன், மதியம் 2.10

கடையில் கூட்டம் இல்லை, படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லோரும் ஆஸ்திரேலியாவிலேயே நிற்கிறீர்கள். நம் ஊர்ச் சங்கதி ஒன்று.

வாரத்துக்கு ஒருவராவது வந்து "நாய் நொண்டுகிறது, மனுசனுக்குக் கொடுக்கிற மாத்திரையே போதும்" என்பார். மனுசருக்கான மெலாக்சிகாம் மாத்திரை 7.5, 15 மில்லிகிராம். 20 கிலோ கன்னி நாய்க்கு 15 மில்லிகிராம் கொடுத்தால் கிலோவுக்கு 0.75. நாய்க்கு முதல் நாள் அளவே 0.2தான், மறுநாளிலிருந்து 0.1. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் பக்கமே போகக் கூடாது. நாப்ராக்சென் நாயின் உடம்பில் பித்தநீரோடு குடலுக்கு வந்து மறுபடி ரத்தத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும், நாள் கணக்கில் இறங்காது.

அப்புறம் ஒரு சந்தேகம். மெலாக்சிகாம் மனுசருக்கும் இருக்கிறது என்றேன் அல்லவா? அந்தக் கொட்டிலில் வேலை செய்கிறவர்களில் யாராவது மூட்டு வலிக்கு அதைச் சாப்பிடுகிறார்களா என்று கேட்டீர்களா?

கன்னிநாய்58 | புதன், மாலை 5.45

மெடிக்கல் அண்ணன் சொன்னதைப் படித்ததும் கையில் வேலை ஓடவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லாதது.

நான்கு வருடம் முன்பு என்னிடம் ஒரு செம்மறைக் கன்னி இருந்தாள். தோவாளைப் பக்கம் வயலில் ஓடும்போது முன்னங்கால் பிசகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒருவர் வந்து வலி ஊசியும் டெக்சா ஸ்டீராய்டும் சேர்த்துப் போட்டார். மறுநாள் நன்றாக நடந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். அப்பாவின் இடுப்பு வலி மாத்திரையை ஐந்து நாள் சோற்றில் வைத்துக் கொடுத்தேன். ஆறாம் நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. ஏதோ கரியைத் தின்றிருக்கிறாள் என்று நினைத்தேன். எட்டாம் நாள் போய்விட்டாள்.

டாக்டர் ஐயா, அது மாத்திரையால்தானா?

கால்நடைக்காரர் | புதன், இரவு 9.05

ஆமாம் தம்பி. பெரும்பாலும் அதனால்தான். வயிற்றுச் சுவரைக் காப்பதும் அந்தப் புரோஸ்டாகிளாண்டின்தான், அதை அடைத்தால் புண் வரும். ஸ்டீராய்டும் சேர்ந்தால் புண் ஓட்டையாகும். கறுப்பு மலம் என்றால் உள்ளே ரத்தம். வாந்தி, தீனி எடுக்காமல் இருப்பது, கறுப்பு மலம் இதில் எதைக் கண்டாலும் மருந்தை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு ஓட வேண்டும். உனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. இப்போது எத்தனை நாய் வைத்திருக்கிறாய்?

கன்னிநாய்58 | புதன், இரவு 9.11

இரண்டு. அவளுடைய குட்டிகள்.

தாழக்குடியான் | வியாழன், இரவு 11.30

நேற்றே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

மெடிக்கல்காரர் கேட்டதை அப்படியே பையனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான், "மாமா, நான்தான் சாப்பிடுகிறேன்". குனிந்து குனிந்து கூண்டு கழுவி அவனுக்கு இடுப்பு வலி. அங்கே டாக்டரைப் பார்த்தால் செலவு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அக்கா என்னிடம் சொன்னாள். வடசேரியில் மூன்று அட்டை வாங்கி, முறுக்கு, நேந்திரங்காய் வற்றலோடு பொட்டலம் கட்டி அனுப்பியவன் நான். 15 மில்லிகிராம் மெலாக்சிகாம். பெயரைக்கூட அப்போது சரியாகப் படிக்கவில்லை.

முழு மாத்திரை வயிற்றைப் பிடிக்கிறது என்று பாதியாக உடைத்துச் சாப்பிடுவானாம். காலையில் தீனி அறையில் வைத்து. உடைத்த கையாலேயே இறைச்சியைப் பிசைவானாம்.

மார்த்தாண்டம்தேன் | வியாழன், இரவு 11.48

அண்ணாச்சி, முதலில் தண்ணீர் குடியுங்கள்.

15 மில்லிகிராம் என்றால் 15,000 மைக்ரோகிராம். உடைக்கும்போது நூறில் ஒரு பங்கு தூளாக விரலில் ஒட்டினாலும் 150. முந்தாநாள் நாம் பயந்த இறைச்சிக் கணக்கைவிடப் பத்து மடங்கு. நாயின் சிகிச்சை அளவில் அது இருபதில் ஒரு பங்குதான், வலியை மறைக்கப் போதாது. மூத்திரத்தில் தெரிய தாராளமாகப் போதும்.

இதனால்தான் வந்தது என்றும் சொல்லிவிட முடியாது, இறைச்சி இன்னும் சந்தேகத்தில் இருக்கிறது. அதே தொகுதிப் பாளம் உறைபெட்டியில் மிச்சம் இருந்தால் தொடாமல், குறியெண்ணோடு படம் எடுத்து, தனியே சோதிக்கக் கேட்கச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். தம்பி இன்றே பயிற்சியாளரிடம் வாய் திறக்க வேண்டும். விசாரணையில் பிறகு வெளியே வந்தால் அது வேறு கதை ஆகிவிடும்.

வடசேரிமெடிக்கல் | வெள்ளி, காலை 9.15

என் கடையாக இருக்காது என்று நம்புகிறேன். எந்தக் கடையானாலும் சீட்டு இல்லாமல் மூன்று அட்டை கொடுத்தது தப்பு. உங்களை மட்டும் திட்டிக்கொள்ளாதீர்கள்.

தாழக்குடியான் | ஞாயிறு, மாலை 6.40

பையன் சொல்லிவிட்டான். பயிற்சியாளர் முதலில் கத்தினாராம், அப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி வாங்கினாராம். இறைச்சிப் பாளம் ஒன்று மிச்சம் இருந்தது, அதையும் மாத்திரை அட்டையின் படத்தையும் அனுப்பியிருக்கிறார்கள். பி புட்டியைத் திறக்கக் கேட்கவில்லை. தங்கச்சி சொன்னதைச் சொன்னேன், அவரும் அப்படித்தான் நினைத்தாராம். விசாரணை அடுத்த மாதம். நாய் ஓய்வில் இருக்கிறது. கால் நன்றாக இருக்கிறதாம், படம் எடுத்துப் பார்த்தார்களாம். தீனி அறையில் இப்போது கையுறைப் பெட்டி மாட்டியிருக்கிறது.

அக்கா சாப்பிடுகிறாள். இனி மாத்திரை அனுப்பக் கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டேன். "அப்படியானால் இடுப்புக்குத் தேய்க்கத் தைலம் மட்டும் அனுப்பலாம்தானே, அதில் என்ன இருக்கப் போகிறது" என்று கேட்கிறாள்.

மார்த்தாண்டம்தேன் | ஞாயிறு, மாலை 6.52

புட்டியின் பின்பக்கம் படித்துவிட்டுச் சொல்லுங்கள். மெத்தில் சாலிசிலேட் என்று இருந்தால் அதுவும் ஆஸ்பிரின் வீட்டுச் சொந்தக்காரன்தான்.

தாழக்குடியான் | ஞாயிறு, மாலை 7.03

இருக்கிறது.